இரண்டாம் விருப்பம் யாருக்கு?

போனக்காடு: கேரளத்தில் 2025 டிசம்பரில் நடந்து முடிந்த உள்ளாட்சித் தேர்தல், இங்கு வாழும் தமிழர்கள் மத்தியில் ஒரு பழைய கேள்வியை மறுபடியும் கிளப்பிவிட்டிருக்கிறது. மூன்று பெரிய அணிகள் மோதும் களத்தில், எண்ணிக்கையில் சிறிய ஒரு கூட்டத்தாரின் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பதே அந்தக் கேள்வி.

நெடுமங்காடு தாலுகாவில், விதுரா கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் இருக்கிறது போனக்காடு. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அகத்தியர்கூடம் மலைக்கு நடந்து செல்கிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுவார்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் இது. கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் லயங்களில் குடியிருக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சத்தம் அடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூலி பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி, மழைக்கு ஒழுகும் கூரை ஆகியவையே இங்கு அன்றாடப் பேச்சு. பிழைப்புக்கு வழியின்றி இளைஞர்கள் பலர் மலையிறங்கி நகரத்து வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 9-ந் தேதி திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓட்டுப்பதிவு நடந்தது. கிராமப் பஞ்சாயத்து, பிளாக் பஞ்சாயத்து, மாவட்டப் பஞ்சாயத்து ஆகிய மூன்றுக்குமாக மலைக் கிராமத்து வாக்காளர் மூன்று பொத்தான்களை அழுத்தினார். நகரத்தில் இருப்பவர் மாநகராட்சி கவுன்சிலருக்காக ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார்.

"எல்லாக் கட்சிக்காரரும் மலையேறி வந்தாங்க அண்ணாச்சி. நம்ம ஓட்டு நாலு பக்கமாச் சிதறிப்போச்சு. ஜெயிச்சவரும் நமக்குக் கடன்படலை, தோத்தவரும் கடன்படலை" என்று நகரத்திலிருந்து ஓட்டுப் போட வந்த இளைஞர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் அலுத்துக்கொண்டார். "அது என்னைக்கும் உள்ள கதைதானே தம்பி" என்றார் முதியவர்.

என்றைக்கும் உள்ள கதைதான். ஆனால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாக்காளர் தமக்குப் பிடித்த வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டளிக்கும் முறை ஒன்று உலகில் உண்டு. நம் நாட்டிலேயே அது உண்டு. அந்த உரிமை யாருக்குக் கிடைத்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மாநகராட்சியில் நடந்தது

திருவனந்தபுரம் மாநகராட்சியில் மொத்தம் 101 வார்டுகள். வேட்பாளர் ஒருவர் காலமானதால் விழிஞ்ஞம் வார்டில் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. மற்ற 100 வார்டுகளின் ஓட்டுகள் டிசம்பர் 13-ந் தேதி எண்ணப்பட்டன. பாரதீய ஜனதா தலைமையிலான அணி 50 வார்டுகளிலும், இடதுசாரி முன்னணி 29 வார்டுகளிலும், காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணி 19 வார்டுகளிலும், சுயேச்சைகள் 2 வார்டுகளிலும் வெற்றி பெற்றனர்.

ஒவ்வொரு வார்டிலும் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. மும்முனைப் போட்டியில் நூற்றுக்கு 35 ஓட்டு வாங்கியவரும் கவுன்சிலர் ஆகலாம். மீதி 65 பேர் அவரை விரும்பினார்களா, வெறுத்தார்களா என்று கேட்பதற்கு இந்த முறையில் இடமில்லை. இது எந்த ஓர் அணிக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ செய்யப்பட்ட ஏற்பாடு அல்ல. மூன்று அணிகளுமே வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் இதனால் லாபமும் அடைந்திருக்கின்றன, நஷ்டமும் பட்டிருக்கின்றன.

டிசம்பர் 26-ந் தேதி அதே மாநகராட்சியில் மேயர் தேர்தல் நடந்தது. அதற்கு விதி வேறு. மூவர் போட்டியிட்டு எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். தம் வேட்பாளர் விலக்கப்பட்ட கவுன்சிலர், மீதி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தடவை அதற்குத் தேவை ஏற்படவில்லை. பாரதீய ஜனதாவின் வி.வி.ராஜேஷ் 51 ஓட்டுகள் பெற்றார். எதிர்த்து நின்ற இருவருக்கும் 29, 17 என்று செல்லத்தக்க ஓட்டுகள் கிடைத்தன. முதல் சுற்றிலேயே முடிவாகிவிட்டது.

கவுன்சிலரின் முதல் விருப்பம் தோற்றால் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு. அந்தக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய வாக்காளருக்கு அது கிடையாது. ஜனாதிபதி தேர்தலில் ஓட்டளிக்கும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் 1, 2 என்று எழுதுகிறார்கள். ராஜ்ய சபைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் மேல்சபை இருந்த வரையில் பட்டதாரித் தொகுதியில் பட்டம் பெற்றவர்கள் எழுதினார்கள். 1986 நவம்பரில் மேல்சபை ஒழிந்ததும் அதுவும் போயிற்று. எஸ்.எஸ்.எல்.சி.யுடன் படிப்பை நிறுத்திவிட்டு ஆபீசுக்கு வந்த குமாஸ்தாவுக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் இந்த வாய்ப்பு ஒருநாளும் வந்ததில்லை.

எண்ணுவது எப்படி?

கணக்கு சிரமமானது அல்ல. கற்பனையாக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள். குடை, மணி, விளக்கு என மூன்று சின்னங்கள். விளக்குச் சின்னத்தில் நிற்பவர் தோட்டத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசி நிறுத்தியவர். முதல் விருப்பமாகக் குடைக்கு 400, மணிக்கு 350, விளக்குக்கு 250 ஓட்டுகள் கிடைக்கின்றன.

இன்றைய முறைப்படி 400 வாங்கிய குடை ஜெயித்தாயிற்று. விளக்குக்குப் போட்ட 250 பேரைப் பார்த்து, "ஓட்டைப் பிரித்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று மணிக்காரர் திட்டுவார்.

விருப்ப வரிசை முறையில் கதை அத்துடன் முடியாது. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால், கடைசியில் நிற்கும் விளக்கு விலக்கப்படும். அந்த 250 சீட்டுகளையும் திரும்ப எடுத்து, 2 என்ற எண் யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். 180 சீட்டில் மணிக்கும், 40 சீட்டில் குடைக்கும் 2 எழுதப்பட்டிருக்கிறது. 30 சீட்டில் ஒன்றும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். மணி 530, குடை 440. மணி ஜெயிக்கிறது.

தோட்டக்காரர்கள் நிறுத்திய ஆள் தோற்றுத்தான் போனார். ஆனால் ஜெயித்தவர் யாருடைய 180 சீட்டில் ஏறி வந்தார் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த தடவை அவர் லயத்துக்கு வரும்போது, "முதல் எண் உங்கள் ஆளுக்கே போடுங்கள், இரண்டாம் எண்ணை எனக்குப் போடுங்கள்" என்று கேட்டாக வேண்டும். கூரைக்கும் குடிதண்ணீருக்கும் ரோட்டுக்கும் அப்போது பதில் சொல்லியாக வேண்டும். சிறு கூட்டத்தாருக்கு இந்த முறையால் கிடைக்கக்கூடிய உண்மையான பலன் இதுதான்.

முதல் சுற்றிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் 2, 3 என்று எழுதியதை எவரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். போட்டி நெருக்கமாக இருந்தால்தான் இரண்டாம் எண்ணுக்கு வேலை.

கிரி ஜெயித்த கணக்கு

நம் நாட்டில் இரண்டாம் விருப்பத்தைக் கொண்டு ஜனாதிபதி பதவியே முடிவான ஆண்டு 1969. ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவராக வளர்ந்தவரும், 1960 முதல் 1965 வரை கேரளத்தின் கவர்னராக இருந்தவருமான வி.வி.கிரி ஒருபுறம். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி மறுபுறம். சுதந்திரா, ஜனசங்கக் கட்சிகளின் ஆதரவுடன் சி.டி.தேஷ்முக் மூன்றாமவர்.

முதல் விருப்ப ஓட்டுகளின் மதிப்பில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. கிரிக்கு அது எட்டவில்லை. பின்தங்கியவர்கள் விலக்கப்பட்டு அவர்களுடைய சீட்டுகள் பிரிக்கப்பட்டபோது, ரெட்டிக்குப் புதிதாக 91,879-ம், கிரிக்கு 18,562-ம் சேர்ந்தன. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. முதலில் 87,967 ஆக இருந்த வித்தியாசம் 14,650 ஆகச் சுருங்கியது. தேவையான அளவைக் கிரி 1,908 ஓட்டு மதிப்பில்தான் தாண்டினார்.

தோற்ற தேஷ்முக்கின் ஆதரவாளர்கள் ஏறக்குறைய முடிவையே மாற்றிவிடப் பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் நின்றவரின் ஓட்டுக்கு இந்த முறையில் இருக்கும் வலு அவ்வளவு.

ஓக்லண்ட் நகரில்

நகரசபைத் தேர்தலுக்கே இந்த முறையைக் கையாளும் ஊர்களும் உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில் 2010-ம் ஆண்டு மேயர் பதவிக்கும் கவுன்சிலர் பதவிகளுக்கும் விருப்ப வரிசைப்படி ஓட்டெடுப்பு நடந்தது. மேயர் பதவிக்குப் பத்துப் பேர் போட்டி. செல்வாக்கு மிக்க டான் பெராட்டா முதல் விருப்பத்தில் ஏறக்குறைய 34 சதவீதம் வாங்கி முன்னணியில் நின்றார். நகரசபை உறுப்பினரான ஜீன் குவான் என்ற சீன வம்சாவளிப் பெண்மணிக்குக் கிடைத்தது சுமார் 24 சதவீதம்.

ஆனால் மற்ற வேட்பாளர்களின் ஆதரவாளர்களிடமும் போய், உங்கள் முதல் எண் அவருக்கே இருக்கட்டும், அடுத்த எண்ணை எனக்குத் தாருங்கள் என்று ஜீன் குவான் கேட்டிருந்தார். ஒவ்வொருவராக விலக்கப்பட்டுச் சீட்டுகள் பிரிந்து வரவர அவர் ஏறிக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்றில் அவருக்கு 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு; பெராட்டாவுக்கு 49 சதவீதம். ஏறக்குறைய பத்து சதவீதம் பின்தங்கி நின்றவர் மேயர் ஆனார்.

இன்னொரு வகையும் உண்டு. அதே நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரம், 1941 முதல் ஒன்பது கவுன்சிலர்களை நகரம் முழுவதற்கும் சேர்த்து இந்த வரிசை முறையில் தேர்ந்தெடுத்துவருகிறது. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆதரவு உள்ள கூட்டத்தார், நகரத்தில் எங்கு சிதறி வாழ்ந்தாலும், தங்களில் ஒருவரைச் சபைக்கு அனுப்பிவிட முடியும். ஒரு வார்டுக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாட்டில், வரிசை எண் போட்டாலும் சிறு கூட்டத்தார் பேரம் பேசத்தான் முடியும். இடத்தைப் பிடிப்பது கடினம். வார்டுக்கு வார்டு சிதறிக் கிடக்கும் வெளிமாநிலத் தமிழர்கள் இந்த வேறுபாட்டை மனதில் இருத்த வேண்டும்.

இலங்கை தரும் பாடம்

முறை இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நமக்கு மிக அருகில் ஒரு சான்று இருக்கிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 1964-ம் ஆண்டு ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தில் புனலூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய உறவினர்கள் இன்றும் அந்த நாட்டில் ஓட்டளிக்கிறார்கள்.

இலங்கையில் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1981-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை எழுதலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவரில் ஒருவருக்கு 2 அல்லது 3 எழுதப்பட்டிருந்தால் அது அவருக்குச் சேரும். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். இரண்டாம் எண்ணிக்கை நடந்தது ஒன்பதாவது தேர்தலில், 2024 செப்டம்பரில்தான்.

அப்போது 38 வேட்பாளர்கள் களத்தில் இருந்தார்கள். செல்லத்தக்க ஓட்டுகள் 1,33,19,616. அனுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915. சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. மூன்றாவதாக வந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு 22,99,767. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2,26,343. விலக்கப்பட்ட 36 பேருடைய சீட்டுகள் மொத்தம் 33 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல்.

சஜித் பின்தங்கியிருந்தது 12,71,880 ஓட்டில். பிரிக்க வேண்டிய சீட்டுகளோ அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். முடிவு எப்படியும் போயிருக்கலாம். ஆனால் எண்ணிப் பார்த்தபோது அனுரவுக்குச் சேர்ந்தவை 1,05,264. சஜித்துக்குச் சேர்ந்தவை 1,67,867. இரண்டும் சேர்ந்து 2,73,131. நூறு சீட்டில் எட்டுதான் உதவியது. மீதி 30 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் இருவரில் எவருக்கும் போய்ச் சேராமல் ஓய்ந்துவிட்டன. அனுர 57,40,179 ஓட்டுகளுடன் ஜனாதிபதி ஆனார்.

முப்பது லட்சம் பேரும் அந்த இருவரையும் ஒரே தராசில் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒரு அடையாளத்தைப் போட்டுப் பழகிய கை, இரண்டாவது எண்ணை எழுத எழவில்லை. எந்தக் கட்சியும் தன் ஆதரவாளரிடம், அடுத்தவருக்கு 2 எழுது என்று சொல்ல மனமுவந்து முன்வராது. சட்டம் கொடுத்த உரிமையை வாக்காளருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது சட்டப் புத்தகத்திலேயே கிடக்கும்.

ஒரு சீட்டு, மூன்று மாதம்

சொல்லிக்கொடுத்தாலும் தகராறு வரலாம். டில்லி மாநகராட்சியில் நிலைக்குழுவுக்கு ஆறு உறுப்பினர்களைக் கவுன்சிலர்கள் விருப்ப வரிசை முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 பிப்ரவரி 24-ந் தேதி நடந்த தேர்தலில் ஒரே ஒரு சீட்டு செல்லுமா, செல்லாதா என்பதில் சச்சரவு மூண்டு, சபைக்குள் கைகலப்பே நடந்தது. அந்தச் சீட்டு செல்லாது என்ற மேயர் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். டில்லி ஹைகோர்ட்டு மே 23-ந் தேதி அந்த உத்தரவை ரத்து செய்து, முடிவை அறிவிக்கும்படி கூறியது. படித்த கவுன்சிலர்கள் எழுதிய சீட்டுக்கே இந்தக் கதி என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத வாக்காளர் எண் எழுதுவது எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூலிக் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் வரிசையாகக் குறித்துவைத்து, மஸ்டரில் அரை நாள் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் தோட்டத் தொழிலாளிக்கு 1, 2, 3 எழுத வராது என்று தீர்மானிப்பதும் சரியல்ல.

இங்கே வருமா?

பஞ்சாயத்து, நகரசபைத் தேர்தல்கள் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. கேரளத்தில் 1994-ம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் நகரசபைச் சட்டமும் இவற்றுக்கு ஆதாரம். நடத்துவது மாநிலத் தேர்தல் கமிஷன். எனவே ஓட்டளிக்கும் முறையை மாற்ற வேண்டுமானால் டில்லிக்குப் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் சட்டசபை மனம் வைத்தால் போதும். இயந்திரம் ஒரு தடை. இன்றைய மின்னணு இயந்திரம் ஒரு பதவிக்கு ஒரு பொத்தானைத்தான் ஏற்கும். இயந்திரத்தை மாற்ற வேண்டும், அல்லது காகிதச் சீட்டுக்குத் திரும்ப வேண்டும். எண்ணி முடிக்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய தடை, இன்றைய முறையில் ஜெயித்து வந்தவர்கள்தான் அதை மாற்ற வேண்டும் என்பது. முப்பத்தைந்து சதவீதத்தில் ஜெயிக்கத் தெரிந்தவர், ஐம்பதைத் தாண்ட வேண்டும் என்ற விதியைத் தாமாகக் கொண்டுவருவார் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்பவர்கள் கேட்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் போனஸ், பஞ்சப்படி கோரிக்கைகளோடு இதையும் ஒரு வரியாகச் சேர்ப்பதில் தவறில்லை.

அதுவரையில், இருக்கும் ஒற்றை ஓட்டைச் சிதறாமல் போடுவது எப்படி என்று லயத்தில் கூடிப் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "எங்களில் பலர் உங்களுக்கு முதல் விருப்பம் தரமாட்டார்கள். இரண்டாம் விருப்பம் பெறுவதற்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று இன்றைக்கே கேட்கலாம். 2 என்று எழுதச் சீட்டில் இடம் இல்லாவிட்டாலும், அந்தக் கேள்விக்கு அவர் தரும் பதிலில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

சாயங்கால பஸ் போனக்காட்டிலிருந்து மலையிறங்கும்போது, ஓட்டுப் போட வந்த இளைஞர்களும் அதில் நகரத்துக்குத் திரும்பினார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு ஐந்து ஆண்டுகள். கணக்குக் கற்றுக்கொள்ள அது தாராளமான அவகாசம்.